கண்டம் என்று எழுதிய பெட்டி

அலுவலகத்தில் உதவாமல் போன பொருளைக் கழித்துக்கட்ட ஒரு விதி இருக்கிறது. குழு கூடிப் பார்க்க வேண்டும். இனி இது பயன்படாது என்று எல்லோரும் ஒப்பமிட வேண்டும். பொருளின் மேல் அடையாளம் எழுதி ஏலம் விட வேண்டும். ஏலம் எடுத்தவர் அதை வாசலுக்கு வெளியே கொண்டுபோகும் முன், எழுதிய அடையாளத்தை நாமே அழித்துவிட வேண்டும்.

இந்தக் கடைசி வரியை யாரும் செய்வதில்லை. இருபது வருட அரசாங்கப் பணியில் நான் உட்கார்ந்த எந்த அலுவலகத்திலும் செய்ததில்லை. நான் மட்டும் செய்வேன். என் மேசைக்குக் கீழே ஒரு டப்பா கறுப்புப் பெயின்டும் பிரஷும் எப்போதும் இருக்கும். உடைந்த நாற்காலியின் முதுகில்கூடக் குனிந்து உட்கார்ந்து பூசுவேன். மேடத்துக்குச் சின்ன வயதில் பெயின்டராக ஆசை போல என்று பியூன் சொல்லிச் சிரித்ததை நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அடையாளம் என்று சொன்னேனே, அது ஒரே ஒரு சொல். ஆங்கிலத்தின் ‘கண்டெம்ன்’ நம் அலுவலக வாய்களில் தேய்ந்து ‘கண்டம்’ ஆகிவிட்டது. கண்டமான ஜீப், கண்டமான பீரோ. வெளியே, வீடுகளில், ஜாதகக் கட்டங்களுக்கு நடுவே அதே ஒலியில் வேறொரு சொல் இருக்கிறது. உயிருக்கு வருகிற ஆபத்து. இரண்டும் ஒரு நாளும் சந்திக்காமல் இருந்திருக்கலாம்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பழனிசெட்டிபட்டியில் உட்கார்ந்தபின் எனக்கு வாய்த்த பொழுதுபோக்கு உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் உங்களுக்கும் அதுதான். பழைய இரும்புக் கடைகளில் குப்புறக் கிடக்கும் குண்டு மானிட்டர்களைத் தூக்கிவந்து, தூசி தட்டி, உயிர் வந்தால் அந்தக் காலத்து டிவி கேமை மாட்டி ஆடுவது. தட்டைத் திரையில் பட்டனை அமுக்கிக் கொஞ்சம் கழித்துத்தான் தோட்டா பாயும், குண்டு மானிட்டரில் அமுக்கும்போதே பாயும் என்று நாம் வாட்ஸாப்பில் சண்டை போடுகிறோம். நரைத்த தலைகள் செய்கிற காரியமா என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

புதிதாக ஒரு மானிட்டர் கிடைத்தால் நீங்கள் முதலில் கண்ணாடியில் கீறல் பார்ப்பீர்கள். நான் அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பேன்.

பிறகுதான் கண்ணாடியை வெயிலில் சாய்ப்பேன். வருடக்கணக்கில் ஒரே படத்தைக் காட்டிய திரையில் அந்தப் படம் படிந்துவிடும், அணைத்த பிறகும் போகாது. என்னிடம் இருக்கும் ஒன்றில் கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரிகின்றன. கட்டங்களுக்குள் யார் யார் இருந்தார்களோ, அவர்கள் மாறிக்கொண்டே இருந்ததால் படியவில்லை. இன்னொன்றில் ‘காத்திருக்கவும்’ என்ற சொல் மட்டும் இருக்கிறது. அதன் மேல் ஓடும் ஆட்டம் எதுவாக இருந்தாலும், இருட்டான இடம் வரும்போதெல்லாம் அது எட்டிப் பார்க்கும்.

என்னிடம் ஒரு பச்சைத் திரையும் இருக்கிறது. அதை ஏன் யாருக்கும் மாற்றுக்குக் கொடுப்பதில்லை என்று உங்களில் மூன்று பேராவது கேட்டுவிட்டீர்கள். கூர்மையான படம், அரிய மாடல், நல்ல விலை போகும் என்றெல்லாம் சொன்னீர்கள். நீங்கள் என் வயதுக்காரர்கள் என்பதால் சொல்கிறேன்.

காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணனுக்குப் பதினேழு. அந்த வருடம் தாய்மாமா சவுதியிலிருந்து ஒரு டிவி கேம் கொண்டுவந்தார். வீட்டில் டிவியும் இருந்தது. ஆனால் டிவி கேம் ஆடினால் பிக்சர் டியூப் போய்விடும் என்று அப்போது ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை.

“டிவிப் பக்கம் அந்த ஒயரக் கொண்டாந்தா ரெண்டு பேரு கையையும் ஒடிச்சுப்புடுவேன்” என்றார் அப்பா. சொல்லிவிட்டு மருந்தடிக்கப் போனார். திராட்சைக்கு அடிக்கும் மயில்துத்தம் ஏறி அவர் கை எப்போதும் நீலமாக இருக்கும். அந்தக் கையைக் காட்டி அவர் மிரட்டினால் பயப்படத்தான் தோன்றும்.

அண்ணன் பயப்படவில்லை, யோசித்தான். அவன் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் வந்த புதிதில் வாங்கிய நாலு பச்சைத் திரைகளும் பழசாகி, அந்த வருடம்தான் ஏலம் போயின. ஏலம் எடுத்த பழைய இரும்புக்காரர் அவற்றை டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போனபோது அண்ணன் மறித்தான். எரிந்துபோன தோட்டத்து மோட்டாரின் செப்புக் கம்பியைக் கொடுத்து ஒன்றை இறக்கிக்கொண்டான்.

“இதுல படம் தெரியுமாண்ணே?”

“தெரியும். எல்லாம் பச்சையாத் தெரியும்.”

“சத்தம்?”

“சத்தத்துக்குத்தான் நான் இருக்கேன்ல?”

உண்மைதான். அந்தப் பெட்டிக்கு வாய் கிடையாது. மருந்து டின்களும் சுண்ணாம்பு மூட்டையும் கிடக்கும் பின்னறையில் அதை வைத்து ஆடினோம். செங்கல் கோட்டையை எதிரி டாங்கிகள் உடைத்துவிடாமல் இரண்டு பேர் சேர்ந்து காக்கிற ஆட்டம். டாங்கி நகர்வதற்கு ஒரு சத்தம், சுடுவதற்கு ஒன்று, செங்கல் உதிர்வதற்கு ஒன்று, எல்லாம் அண்ணன் வாயாலேயே போடுவான். எச்சில் கண்ணாடியில் தெறிக்கும், சூடான கண்ணாடி அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும்.

“ஏத்தா, நீ கோட்டையப் பாத்துக்க. நான் முன்னால போறேன்” என்பான். தங்கையை ஆத்தா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவன் வாயில் அது ‘ஏத்தா’ என்றுதான் வரும்.

பெட்டியின் முதுகில் சிவப்புப் பெயின்டால் பெரிதாகக் கண்டம் என்று எழுதியிருந்தது. பள்ளியில் யாரும் அதை அழிக்கவில்லை. அண்ணனுக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. என் டாங்கி வெடித்தால், “ஏத்தா கண்டம்! தூக்கி ஓரமாப் போடு” என்பான். அவனுடையது வெடித்தால், “நான் கண்டமாயிட்டேன், கமிட்டியக் கூப்பிடு” என்பான். நான் சிரித்துச் சிரித்து மருந்து டின் மேல் சாய்வேன்.

அந்த டிவி கேமில் ஆட்டத்தைச் சேமித்துவைக்க வழி கிடையாது. அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான் ஆட வேண்டும். அதனால் பள்ளிக்குப் போகும்போது பாஸ் போட்டுவிட்டு, அணைக்காமல், வெளிச்சம் தெரியாதபடி தன் துண்டைத் திரைமேல் போர்த்திவிட்டுப் போவான். நடுவில் PAUSE என்ற ஐந்து எழுத்து பகல் முழுவதும் துண்டுக்குள் எரிந்துகொண்டிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வரும்போது பின்னறையில் ஒரு ரீங்காரம் கேட்கும். யாரோ உள்ளே மூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

மாதக்கணக்கில் இப்படிப் போயிற்று. டியூப் கெட்டுப்போகும் என்று அப்பா சொன்னது பாதி சரிதான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

மார்கழிக் கடைசியில் பொங்கலுக்காக வெள்ளையடிக்கப் பின்னறைச் சாமான்களை அம்மா ஒதுக்கினாள். பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தித் திருப்பினாள். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலம் தெரியாது, தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். வாசித்தாள்.

“க... ண்... ட... ம்.”

கையிலிருந்த சுண்ணாம்பு மட்டை கீழே விழுந்தது.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் பிறந்தபோதே ஜோசியர் ஒன்று சொல்லியிருந்தார், பதினெட்டு நிறைவதற்குள் ஒரு கண்டம் இருக்கிறது என்று. எதில் என்று சொல்லவில்லை. அம்மா அது தண்ணீரில்தான் என்று தானாக முடிவு செய்திருந்தாள். சுருளி அருவிப் பக்கம் அவனை விட்டதில்லை, கிணற்றுப் பக்கம் விட்டதில்லை, வாய்க்காலில் கால் நனைக்க விட்டதில்லை. பதினெட்டு நிறைய இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. இந்த நேரத்தில், பிள்ளை தினமும் முகத்தைக் கொண்டுபோய் ஒட்டவைக்கிற பெட்டியின் முதுகில், ரத்த நிறத்தில் அந்தச் சொல் இருந்தது.

அப்பாவுக்கு அலுவலகக் கண்டம் தெரியும். கண்டமான லாரியை ஏலத்தில் பார்த்தவர்.

“அட கிறுக்கி, பழசாப் போச்சுன்னு அர்த்தம். லாரியக் கண்டம் பண்றதில்லயா, அது மாதிரி.”

“லாரி மேல எழுதுனா லாரிக்கு. எம்புள்ள மூஞ்சிக்கு நேரா எதுக்கு எழுதியிருக்காக?”

“ஸ்கூல்ல எவனோ எழுதுனதுடி.”

“ஸ்கூல்ல எழுதுனது நம்ம வீட்டத் தேடி எதுக்கு வரணும்? நாலு பெட்டியில இது மட்டும் எதுக்கு இங்கன எறங்கணும்?”

அப்பா பெட்டியைத் திருப்பி அந்த எழுத்தைச் சுவர்ப் பக்கமாக வைத்தார். தெரிந்தவருக்கும் பயம் வரும் என்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன், புரிந்துகொள்ள வருடங்கள் ஆயின. ஒரு சொல்லின் அர்த்தம் தெரிந்திருப்பது அவ்வளவு பெரிய பாதுகாப்பு ஒன்றும் இல்லை.

மறுநாள் ஒரு பை திராட்சையும் என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா பள்ளிக்குப் போனாள். கம்ப்யூட்டர் சாரைப் பார்த்தாள். நல்ல மனிதர், அண்ணனிடம் பிரியமுள்ளவர். மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், பெட்டி மேல் எழுதியிருப்பதற்கு மட்டும் அர்த்தம் கேட்டாள்.

சார் சிரித்தார். “அதாம்மா, அதோட ஆயுசு முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.”

“ஆயுசா சார்?”

“ஆமா. கமிட்டி வந்து பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டாக. இனி ஒண்ணும் பண்ண முடியாது.”

“மாத்தி எழுத மாட்டாகளா?”

“அதெப்படிம்மா? ஒருக்கா கண்டம்னு எழுதிட்டா அவ்வளவுதான்.”

அவர் சொன்ன ஒவ்வொரு வரியும் நடைமுறைப்படி சரி. பிற்காலத்தில் நானே அதை அப்படியே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அம்மா திராட்சைப் பையை அவர் மேசையில் வைத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் வருகிறவரை பிடியை விடவில்லை. வளையல் சதையில் பதிந்துவிட்டது.

ஜோசியர் பரிகாரம் சொன்னார். பதினெட்டு முடிகிறவரை பிள்ளையை மலைக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டும். காரணத்தை அவனிடம் சொல்லக் கூடாது, சொன்னால் கண்டம் அவன் காதைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும். கிளம்பும்போது பெற்றவள் முகம் பார்க்கக் கூடாது. பெட்டியை உடைக்கவும் கூடாது, இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கவும் கூடாது.

கேரளாவில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் ஏலக்காய்த் தோட்டத்தில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு பேச்சு உருவாக்கப்பட்டது. ஏலத்தில் வந்த பெட்டிக்காக அண்ணன் ஏலத்துக்குப் போனான்.

“பரீட்சைப்பா?” என்று கேட்டான். பிளஸ் டூ.

“அடுத்த வருசம் எழுதிக்கலாம்.”

“கேம் ஆடுனதுக்காகவா?”

அப்பா செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

“ஆடலப்பா. இனிமே ஆடல. பரீட்சை முடியட்டும்.”

“ஜீப்பு நிக்கிது, கெளம்பு.”

அண்ணன் உள்ளே வந்தான். பின்னறையில் பாஸ் போட்டிருந்த ஆட்டத்தை ஒருமுறை பார்த்தான். நாங்கள் அதுவரை எட்டாத கட்டம். துண்டை இழுத்துத் திரை மேல் போர்த்தினான்.

“ஏத்தா, அமத்திராத. நான் வந்து முடிக்கணும்.”

பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்து, “அம்மா, வர்றேன்” என்றான். அவள் வெளியே வரவில்லை. இன்னொரு முறை சொன்னான். ஜீப் ஹாரன் அடித்தது, போய்விட்டான்.

அவன் பார்க்காததை நான் பார்த்தேன். அம்மா அடுப்படிக்குள், புதிதாக வெள்ளையடித்த சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். ஜீப் சத்தம் தேய்ந்த பிறகு திரும்பினாள். நெற்றி முழுக்கச் சுண்ணாம்பு.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. ரீங்காரம் நின்றது. நான் ஓடிப்போய்த் துண்டை விலக்கினேன். கறுத்த கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுந்த இடத்தில், கண்ணாடிக்குள்ளே, PAUSE என்ற எழுத்து மங்கலாக அப்படியே இருந்தது. ஆட்டம் போய்விட்டது, நிறுத்தியது போகவில்லை. என் பின்னால் வந்து நின்ற அம்மாவும் பார்த்தாள். அவளுக்கு அது எழுத்தாகத் தெரியவில்லை.

“யாருடி உள்ள?” என்றாள்.

அன்று சாயங்காலமே பெட்டியை மஞ்சள் துணியில் சுற்றி, டிவி கேமோடு சேர்த்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் சுவரைப் பார்க்க வைத்தார்கள்.

சித்திரையில் பதினெட்டு நிறைந்தது. அப்பா புதுச்சட்டை எடுத்துக்கொண்டு மலையேறினார். அம்மா வடை சுட்டுவைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள், இப்போது முகம் பார்க்கலாம். அப்பா சட்டையோடு திரும்பி வந்தார். அண்ணன் அங்கிருந்து போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கொச்சிப் பக்கம் போகிற லாரியில் ஏறினான் என்றார்கள். அன்றைக்கு அவனை மலைக்கு ஏற்றிப்போன ஜீப்காரர் மட்டும் வீடுவரை வந்து தயங்கித் தயங்கி ஒரு சேதி சொன்னார்.

“திட்டாதீகண்ணே. பய ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். ‘என்னையக் கண்டம் பண்ணித்தான அனுப்புனாக, அப்படியே இருக்கட்டும்’னான்.”

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அவனுக்குத் தெரிஞ்சிருச்சு. யாரோ சொல்லிட்டாக.”

“அந்தக் கண்டம் இல்லம்மா” என்றேன். “பெட்டியில எழுதுன கண்டம். வேணாம்னு தூக்கிப் போடுறது. நாம அவன வேணாம்னு அனுப்பிட்டோம்னு நெனக்கிறான்.”

“ரெண்டும் ஒண்ணுதானடி” என்றாள் அம்மா. அந்தப் பேச்சை அதோடு முடித்துக்கொண்டாள்.

தேடியதைப் பற்றி நீட்டப்போவதில்லை. எங்கே, எந்த வடிவத்தில், எத்தனை நகலோடு மனுக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிவது அரசாங்க வேலையால் என்று நினைக்கிறீர்கள். மனுக்களால்தான் அந்த வேலைக்கே போனேன். தொலைந்த இடம் மலைக்கு அந்தப் பக்கம், அங்கே கேளுங்கள் என்று இந்தப் பக்கத்தில் சொன்னார்கள். தொலைந்தவர் ஊர் இந்தப் பக்கம், இங்கே கேளுங்கள் என்று அந்தப் பக்கத்தில் சொன்னார்கள். பதினெட்டு நிறைந்தவர் தானாக விலகி இருந்தால் அது தொலைதல் ஆகாது என்றும் ஒருவர் விளக்கினார். அவர் சொன்னதும் விதிப்படி சரிதான்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை மருந்து நீலம் நகக் கண்ணில் இருந்தது. அம்மா மட்டும் அந்த வீட்டில். அவள் கணக்கு வேறு. “தப்பிச்சுட்டான்ல? எங்கனயோ உசுரோட இருக்கான்ல? அதுக்குத்தான அனுப்புனோம்” என்பாள். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, யாரும் கேட்காமலே சொல்வாள். கோரிய நோக்கம் நிறைவேறியது, கோப்பு முடிக்கப்பட்டது. ஆனால் அடுப்படியின் அந்தச் சுவருக்கு மட்டும் அவள் பிறகு சுண்ணாம்பு அடிக்க விட்டதில்லை. நெற்றி பட்ட இடம் பழுத்து, கருத்து, ஒரு தடமாக நிற்கிறது. இதற்கும் ஜோசியர் ஏதாவது சொன்னாரா என்று நான் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மோட்டார் ரூமைத் திறந்தேன். மஞ்சள் துணி நூலாகிக் கையோடு வந்தது. பெட்டியைத் தேனிக்குக் கொண்டுவந்து ஒரு டிவி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். உள்ளே இரண்டு சாமானை மாற்றினார். “உசுரு இருக்கு மேடம். ஆனா டியூப்புல என்னமோ படிஞ்சிருக்கு, அது போகாது” என்றார். போக வேண்டாம் என்றேன்.

வீட்டில் மாட்டி ஆட்டத்தைப் போட்டேன். இரண்டு பேர் ஆட்டம். அவனுடைய டாங்கி தொடங்கின இடத்திலேயே நின்றது. சத்தம் இல்லை. எதிரி வந்து அதைச் சுட்டுவிட்டுப் போனான். நான் பாஸ் பட்டனை அமுக்கினேன். புதிய PAUSE எரிந்து, பழைய PAUSE மேல் ஒரு இழை விலகாமல் போய் உட்கார்ந்தது. அந்த அறையில் நான் தனியாக இல்லை என்று தோன்றியது. பயமாக இருந்தது என்று எழுதினால் பொய், நான் திரும்பிப் பார்த்தேன் என்பது மட்டும் உண்மை.

அன்றைக்குத்தான் நம் குழுவில் அந்த இரண்டு படங்களைப் போட்டேன். ஒன்று, பச்சைத் திரையில் படிந்த எழுத்து. இன்னொன்று, முதுகில் இருக்கும் சிவப்புக் கண்டம். கீழே சுருக்கமாக எழுதினேன். இந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறு அர்த்தம் செய்துகொண்டு ஒரு பையனை அனுப்பிவிட்டார்கள். வேண்டாம் என்று அனுப்பவில்லை, செத்துப்போகக் கூடாது என்று அனுப்பினார்கள். அவன் அம்மா முகம் காட்டாமல் நின்றது ஜோசியர் சொன்னதால், சுவரில் அவள் நெற்றித் தடம் இன்னும் இருக்கிறது. இவ்வளவுதான். ஊர் பேர் போடவில்லை, என் போன் எண்ணை மட்டும் போட்டேன்.

நீங்கள் நல்ல மனிதர்கள். ஒருவர் கெப்பாசிட்டர் மாற்றச் சொன்னீர்கள். ஒருவர் பெயின்டை அழிக்கத் தின்னர் போதும் என்றீர்கள். இரண்டு பேர் விலை கேட்டீர்கள். வெளியூர்க் குழுக்களுக்கும் படத்தை அனுப்பினீர்கள். அது எங்கெங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது.

மாதங்கள் போயின. பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சுண்ணாம்புக் கையோடு போனைப் பார்த்தபோது, குழுவிலேயே இல்லாத ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து எனக்குத் தனியாக ஒரு வரி வந்திருந்தது. படங்களுக்குக் கீழே நான் எழுதியதில் எங்குமே இல்லாத, என்னையும் இன்னொருவனையும் தவிர யாருக்கும் தெரியாத ஒரு வரி.

நான் அதை வாய்விட்டு வாசிக்கவில்லை. போனை அம்மாவின் கையில் கொடுத்தேன். அவள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, அதே சுவருக்குப் பக்கத்தில் நின்று, எழுத்துக் கூட்டினாள்.

“ஏ... த்... தா... அ... ம... த்... தி... ட்... டி... யா?”

எழுதியது: மார்கழி இருபத்தாறு.